ஓரினின் வலது கால்பை

ஓரினோடு பன்னிரண்டு வருடம் வேலை பார்த்ததற்கு எனக்கு ஒரு மெடல் தர வேண்டும். ஆனால் தர மாட்டார்கள்.

நானும் அவனும் ஒரே கோடையில்தான் இந்தத் தளத்தில் சேர்ந்தோம். சாலை போகாத மலைகளில் இடி விழுந்து காடு தீப்பிடித்துக்கொண்டால், விமானத்திலிருந்து குதித்து அந்தத் தீயை அணைப்பது எங்கள் வேலை. குதிக்காத நாட்களில் தையல் வேலை. வெளியில் சொன்னால் சிரிப்பார்கள். ஆனால் போடும் உடுப்பு, இடுப்புப் பட்டை, முதுகுப் பை எல்லாமே நாங்கள் மிஷினில் உட்கார்ந்து தைத்தவைதான். எட்டு மிஷின் இருக்கிறது. அதில் ஓரின் உட்கார்ந்துவிட்டால் அந்த மிஷினை மறந்துவிட வேண்டியதுதான். ஒரு பையின் ஓரத்தைத் தைப்பான், பார்ப்பான், பிரிப்பான், மறுபடி தைப்பான். நாலாவது தடவை பிரிக்கும்போது எனக்கு ரத்தம் கொதிக்கும்.

அன்று காலை எனக்கு ஏற்கெனவே கடுப்பு. என் பச்சைக் கம்பளித் தொப்பியைக் காணவில்லை. ஆகஸ்ட் மாதமானாலும் எங்கள் மலையில் ராத்திரி பல் கிட்டிக்கும். தரையில் படுப்பவளுக்குத் தொப்பி இல்லாமல் முடியாது.

"யோவ், என் பச்சைத் தொப்பியைப் பாத்தியா?"

ஓரின் மிஷினிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "நான் ரெண்டு நாளா பல்லு புடுங்கப் போயிருந்தேன். இன்னிக்குத்தான் வர்றேன்."

"உன் பல்லையா கேட்டேன்? தொப்பியைக் கேட்டேன்."

"மேசைக்கு அடியில பாரு."

"பாத்தாச்சு. எவனோ சுருட்டிட்டான்."

"சுருட்டியிருந்தா பதிலுக்கு ஏதாவது வச்சிருப்பானே."

அது எங்கள் தளத்து வழக்கம். அவசரத்துக்கு அடுத்தவர் பொருளை எடுக்கலாம், கேட்கக்கூட வேண்டாம். ஆனால் எடுத்த இடத்தில் உன் பொருள் ஒன்றை வைத்துவிட்டுப் போக வேண்டும். வந்து பார்ப்பவனுக்கு யாரிடம் போய்க் கேட்க வேண்டும் என்று அப்போது தெரிந்துவிடும். போன மாதம் என் கத்தரிக்கோலை ஓரின் எடுத்துக்கொண்டு, அந்த இடத்தில் அவனுடைய கண்ணாடிக் கூட்டை வைத்துவிட்டான். ஒரு வாரம் கத்தரிக்கோல் வரவில்லை. ஒரு வாரமும் அவன் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தான். இப்படிப்பட்ட ஆள்.

"ஒண்ணும் வைக்கல. அதான் சொல்றேன், திருட்டுப் பசங்க. ஒருத்தனுக்காவது எடுத்ததைத் திருப்பிக் கொடுக்கணும்னு தோணுதா?" என்று எல்லோருக்கும் கேட்கும்படி கத்தினேன். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. என் கத்தல் அவர்களுக்குப் பழகிவிட்டது.

பதினொரு மணிக்குச் சங்கு ஊதியது. குதிக்கும் வரிசையை எழுதிய பலகையில் முதல் பெயர் நான், இரண்டாவது ஓரின். ஆளுக்கொரு கொக்கியில் உடுப்பு தொங்கும். ஓடிப்போய் இரண்டு நிமிடத்தில் மாட்டிக்கொள்ள வேண்டும். தடித்த கால்சட்டை, கழுத்தை மறைக்கும் காலர் வைத்த சட்டை, கம்பிவலை முகமூடி போட்ட ஹெல்மெட். நான் எல்லாம் மாட்டிக்கொண்டு நிற்கிறேன், இவன் இடது கால்பையில் வெங்காயத்தைத் திணித்துக்கொண்டிருக்கிறான். ஒன்றல்ல, நாலு.

"என்னய்யா இது, தீ அணைக்கப் போறியா, சமையல் பண்ணப் போறியா?"

"பெட்டியில வர்ற டப்பாக் கறியை வெறுமனே திங்க முடியாது மார்லிஸ். வெங்காயம் வதக்கிப் போட்டா நீதான் முதல்ல தட்டை நீட்டுவ."

"சீக்கிரம் திரும்பு. செக் பண்ணணும்."

குதிக்கும் இருவரும் ஒருவரையொருவர் தலையிலிருந்து கால்வரை சோதிக்க வேண்டும். ஹெல்மெட் வார், தோள் கொக்கிகள், மார்புப் பட்டை, வயிற்றில் கட்டிய இரண்டாவது பாராசூட், இடுப்பு வளையங்கள், தொடைப் பட்டைகள். கடைசியாக வலது கால்பை. அதில் நூற்றைம்பது அடிக் கயிறு இருக்கும். பாராசூட் மரத்தில் மாட்டிக்கொண்டால் இறங்குவதற்கு அது ஒன்றுதான் வழி. அந்தப் பையைத் தட்டிப் பார்த்தால் போதாது. ஜிப்பைத் திறந்து, விரலை உள்ளே விட்டு, கயிற்றைத் தொட்டுப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு வசந்தத்திலும் புதிதாக வருகிறவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுப்பது நான்தான். தொண்டை கிழியக் கத்திச் சொல்லிக்கொடுப்பேன்.

"பல்லு புடுங்கின வாயில வெங்காயம் எப்படிய்யா திம்ப?" என்று அவன் தொடைப் பட்டையை இழுத்துப் பார்த்தபடி கேட்டேன். "எல்லாரும் விமானத்துக்கிட்ட நிக்கிறாங்க, உனக்கு வெங்காயம். அதுக்கு மேல ரெண்டு உருளைக்கிழங்கு வேற." கையோடு வலது கால்பையைத் தட்டினேன். கும்மென்று இருந்தது. "சரி, ஓடு."

அவன் என்னைச் சோதித்தான். என் கால்பை ஜிப்பைத் திறந்து, விரலை விட்டுத் தொட்டுவிட்டு மூடினான். அதற்கும் நான் அவசரப்படுத்தினேன்.

தீ சிறியதுதான். ஒரு மலைச்சரிவில் இடி விழுந்த மரத்தடியில் கால் ஏக்கர் புகைந்துகொண்டிருந்தது. இரண்டு பேர் போதும். விமானக் கதவருகே டெல்மர் குப்புறப் படுத்துக்கொண்டு வண்ணக் காகித நாடாக்களை ஒவ்வொன்றாக வீசினான். எங்களை எங்கே, எப்போது இறக்குவது என்று முடிவு செய்பவன் அவன்தான். நாடாக்கள் நெளிந்து நெளிந்து இறங்கி ஒரு புல்வெளியில் விழுந்தன.

"அந்தப் புல்வெளிதான். கிழக்கால ஓரத்துல வண்டு அரிச்சுச் செத்த மரங்க நிக்குது, பாத்தீங்களா? அந்தப் பக்கம் மட்டும் போயிடாதீங்க. ரெண்டு மணிக்கு மேல காத்து எழும்பும்னு சொல்றாங்க. அதுக்குள்ள தீயைச் சுத்தி மண்ணுல கோடு வெட்டிடுங்க."

என் தோளில் தட்டினான். குதித்தேன். பாராசூட் விரிந்தது, வளைத்துத் திருப்பினேன், புல்வெளியின் நடுவில் உருண்டு எழுந்தேன். பிறகு நிமிர்ந்து பார்த்தால், ஓரின் அழகாக மிதந்துகொண்டு, நேராக அந்தச் செத்த மரங்களுக்குள் போய்க்கொண்டிருக்கிறான். கிளைகள் முறியும் சத்தம் கேட்டது. அப்புறம் ஒன்றும் கேட்கவில்லை.

ஓடினேன். எண்பது அடி உயரத்தில் தொங்கிக்கொண்டிருந்தான். அடிமரத்திலிருந்து ஒரு ஆள் நீளம் தள்ளி, எட்டிப் பிடிக்க எதுவும் இல்லாமல். மேலே பாராசூட் துணி ஒரே ஒரு காய்ந்த கிளையில் மாட்டியிருந்தது.

"அடி பட்டுச்சா?"

"இல்ல."

உயிர் வந்தது. வந்தவுடன் கோபமும் வந்தது. "அவ்வளவு பெரிய புல்வெளிய விட்டுட்டு இந்தச் செத்த மரம்தான் கிடைச்சுதா உனக்கு?"

"காத்து தள்ளிடுச்சு."

"என்னைத் தள்ளலையே!"

"நீ கனம்."

"வாயை மூடிட்டு இறங்கு. அங்க தீ கொழுந்து விடுது, இங்க நான் அண்ணாந்து பாத்துட்டு நிக்கணுமா? பன்னெண்டு வருஷமா இதான். எல்லாத்துலயும் லேட்டு, எல்லாத்துலயும் அசமந்தம். கயிறை எடு, கட்டு, இறங்கு."

அவன் மெதுவாகக் குனிந்து வலது கால்பை ஜிப்பைத் திறந்தான். உள்ளே கையை விட்டான். கை அப்படியே நின்றது. பிறகு எதையோ வெளியே எடுத்தான். அது கயிறு அல்ல. கைதவறியதோ, அவனாகவே விட்டானோ தெரியாது. அது கிளைகளில் பட்டுப் பட்டு இறங்கி என் பூட்ஸுக்குப் பக்கத்தில் விழுந்தது.

என் பச்சைத் தொப்பி.

 முந்தாநாள் நடந்தது அப்படியே நினைவுக்கு வந்தது. அதற்கு முந்தின தீயில் நான் ஓடையில் விழுந்து என் கயிறு நனைந்துபோனது. காயப் போட்டிருந்தேன். மாற்றுக் கயிறு வைக்கும் அலமாரிச் சாவியை எவனோ எடுத்துக்கொண்டு போயிருந்தான். அவனை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே, பக்கத்துக் கொக்கியில் தொங்கிய ஓரினின் உடுப்பிலிருந்து கயிற்றை எடுத்து என் கால்பையில் வைத்தேன். அவன்தான் லீவில் இருக்கிறானே. வழக்கப்படி என் பொருள் ஒன்றை வைக்க வேண்டுமே என்று தொப்பியைச் சுருட்டி அவன் பையில் திணித்தேன். சாயங்காலம் திருப்பி வைக்கலாம் என்று நினைத்தேன். அன்று சங்கு ஊதவில்லை, நானும் மறந்துவிட்டேன்.

"மார்லிஸ்," என்று மேலிருந்து கூப்பிட்டான்.

"ம்."

"என் கயிறு எங்க?"

என் கால்பையைத் திறந்தேன். கயிற்றின் முனையில் மஞ்சள் நூலில் சின்ன முக்கோணம். அவன் தைத்த அடையாளம். நாலு தடவை பிரித்துத் தைத்திருப்பான்.

"என்கிட்ட இருக்கு," என்றேன்.

 அந்த நேரம் பார்த்து ரேடியோவில் டெல்மர். விமானம் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. ஓரின் மரத்தில் மாட்டிக்கொண்டான், இறங்க முடியவில்லை, ஹெலிகாப்டர் வேண்டும் என்றேன்.

"ரெண்டு ஹெலிகாப்டரும் வேற தீயில இருக்கு. ஒன்றரை மணி நேரம் ஆகும். ஏன், கயிறு என்னாச்சு?"

"அப்புறம் சொல்றேன். பெட்டியைப் போடு."

சரக்குப் பெட்டிகளைச் சின்னப் பாராசூட்டில் போட்டுவிட்டு, மீதி ஆட்களை வேறொரு தீயில் இறக்க விமானம் போய்விட்டது. மணி பன்னிரண்டே முக்கால். இருநூறு கஜம் தள்ளிப் புகைந்துகொண்டிருந்த தீ, விழுந்து கிடந்த காய்ந்த கட்டைகளைப் பிடித்துக்கொண்டு எங்கள் பக்கம் ஊர்ந்து வந்துகொண்டிருந்தது. காற்று எழும்பினால் ஊர்ந்து வராது, ஓடி வரும். அவனை அதற்குள் இறக்கியாக வேண்டும். பெட்டியைப் பிளந்து மரமேறும் முள்ளிரும்பை எடுத்துக் காலில் கட்டினேன்.

"வேண்டாம். மரத்தைத் தொடாத," என்றான்.

"நான் ஏறி வந்து கயிறைத் தர்றேன்யா."

"பட்டை உரிஞ்சு கிடக்கு பாரு. முள்ளு பிடிக்காது. மரம் ஆடினாலே மேல இருக்குற கிளை போயிடும்."

"அப்ப என்னதான் செய்யச் சொல்ற? பாத்துட்டு நிக்கவா?" என்று கத்தினேன். யார்மேல் கத்துகிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

மேலே சடக்கென்று ஒரு சத்தம். ஓரின் ஒரு கஜம் கீழே வழுக்கி நின்றான்.  காய்ந்த குச்சிகள் என் ஹெல்மெட்டில் பொலபொலவென்று விழுந்தன.

கொஞ்ச நேரம் கழித்து, "என் சட்டைப் பையில நூல் இருக்கு," என்றான்.

மெழுகு தடவிய தடித்த தையல் நூல், ஒரு கண்டு. எங்கே போனாலும் அதை வைத்திருப்பான். தீயிலும் உட்கார்ந்து தைக்கப்போகிறாயா என்று பன்னிரண்டு வருடமாக நான் கேலி செய்த நூல். 

உடம்பை ஆட்டாமல் கையை மட்டும் நகர்த்தி நூலை எடுத்தான். நுனியில் கனமாக ஏதாவது கட்டினால்தான் கீழே வரும். இடது கால்பையைத் திறந்து ஒரு வெங்காயத்தை எடுத்தான். அதைக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டினான். மெதுவாக, ஒழுங்காக, அவன் எப்போதும் கட்டுகிற மாதிரி. எனக்கு உள்ளுக்குள் எரிந்தது. சீக்கிரம் கட்டேன்யா என்று நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டேன்.

வெங்காயம் இறங்கியது. பாதியில் ஒரு கிளையில் உட்கார்ந்துவிட்டது.

"இழுத்து விடு. இடது பக்கமா. உன் இடது இல்ல, என் இடது!"

"நாம ரெண்டு பேரும் ஒரே பக்கம்தான் பாக்குறோம் மார்லிஸ்."

"ஏதோ ஒரு பக்கம் விடுய்யா!"

கடைசியில் வெங்காயம் என் கைக்கு வந்தது. தடித்த கயிற்றை நேராகக் கட்டினால் நூல் தாங்காது. சரக்குப் பாராசூட்டின் மெல்லிய கயிறுகளைக் கத்தியால் அறுத்து, ஒன்றோடொன்று முடிந்து, நூலில் கட்டினேன். எங்கள் தளத்தில் பாராசூட்டில் கத்தி வைத்தால் கொலைக்குற்றம் மாதிரி பார்ப்பார்கள். பார்க்கட்டும். அவன் அதை மேலே இழுத்துக்கொண்டான். பிறகு அந்தக் கயிற்றில் அவனுடைய சொந்தக் கயிற்றைக் கட்டினேன். முக்கோணம் தைத்த முனைதான் மேலே போக வேண்டிய முனை. அது என் கையைவிட்டு ஒவ்வொரு முழமாக ஏறிப்போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். 

வளையங்களில் கோத்தான். தலைக்கு மேலே பாராசூட் பட்டையில் முடிச்சுப் போட்டான்.

"ரெண்டு வளையத்துலயும் விட்டியா?"

"விட்டேன்."

"முடிச்சு?"

"போட்டாச்சு."

"தொட்டுப் பாத்தியா?"

கேட்ட பிறகுதான் என்ன கேட்டேன் என்று எனக்கே உறைத்தது. அவன் கீழே குனிந்து, கம்பிவலைக்குள்ளிருந்து என்னைப் பார்த்தான். "தொட்டுப் பாத்தேன்," என்றான்.

தோள் கொக்கிகளைக் கழற்றினான். மரம் முனகியது. கயிறு வளையங்களில் உரசி உரசி அவனை இறக்கியது. எழுபது, அறுபது, நாற்பது அடி. அவன் பூட்ஸ் தரையில் பட்டபோது நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

அவன் ஹெல்மெட்டைக் கழற்றினான். பல் பிடுங்கிய கன்னம் வீங்கியிருந்தது. மேலே தொங்கும் பாராசூட்டை அண்ணாந்து பார்த்து, "கிழிஞ்சுடுச்சு. தைக்க ரெண்டு நாள் ஆகும்," என்றான்.

"யோவ்! என்னைத் திட்டுய்யா. நாலு வார்த்தை கேளு. செத்திருப்ப நீ! நான்தான் கயிறை எடுத்தேன், நான்தான் தட்டிட்டு விட்டேன். கத்தித் தொலையேன்!"

"எனக்கும் சேர்த்து நீயே முக்கால் மணி நேரம் கத்தியாச்சு. எனக்கு வாய் வலிக்குது." குனிந்து என் தொப்பியை எடுத்து, ஒட்டியிருந்த பட்டைத் தூளைத் தட்டி என்னிடம் நீட்டினான். "பையை நானும் திறந்து பாக்கலையே. என் பைதானே."

அவன் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். இதைத் தாங்க முடியவில்லை.

ரேடியோ கரகரத்தது. டெல்மர் திரும்பி வந்துகொண்டிருந்தான். "ஓரின் இறங்கியாச்சா? கயிறுல என்னதான் பிரச்சினை?"

ஓரின் தன் ரேடியோவை வாயருகே கொண்டுபோனான். "ஒண்ணுமில்ல, பையில சிக்..."

பிடுங்கினேன். "டெல்மர், மார்லிஸ் பேசுறேன். அவன் கயிறை நான் எடுத்தேன், திருப்பி வைக்கல. செக் பண்றப்ப பையைத் திறக்கவும் இல்ல, தட்டிட்டு விட்டுட்டேன். அவன்மேல தப்பு இல்ல. எழுதிக்கோ."

அவன் ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொல்லிக் கேட்டுக்கொண்டான். பிறகு, "எழுதிக்கிட்டேன்," என்றான்.

அன்று தோண்டியதுபோல நான் என்றும் தோண்டியதில்லை. ஒரு பக்கம் கோடாலியும் மறுபக்கம் மண்வெட்டியுமாக இருக்கும் கருவியை எடுத்துக்கொண்டு, காற்று எழும்புவதற்குள் தீயைச் சுற்றிப் பச்சை மண் தெரியக் கோடு வெட்டினோம். சாயங்காலம் அவன் மிச்ச வெங்காயத்தை வதக்கி டப்பாக் கறியில் போட்டான். நான் தட்டை நீட்டவில்லை. அவனே போட்டுக் கொடுத்தான்.

தளத்துக்குத் திரும்பியதும் பலகையிலிருந்து என் பெயரை எடுத்துவிட்டார்கள். மாதம் முடியும்வரை குதிக்கக் கூடாது, மிஷினில் உட்கார்ந்து தைக்க வேண்டும். சரியான தண்டனைதான். யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்து தைத்தேன். மற்றவர்களும் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் இன்னும் மோசம்.

ஒன்பதாம் நாள் சங்கு ஊதியது. பூட்ஸ் சத்தம், கொக்கிகள் சத்தம், ஓட்டம். நான் நிமிரவில்லை. யாரோ என் மிஷினுக்கு முன்னால் வந்து வெளிச்சத்தை மறைத்தார்கள். ஓரின், முழு உடுப்பில்.

"செக் பண்ணு."

"நான் லிஸ்ட்லயே இல்ல. உன்கூடக் குதிக்கிறவனைக் கேளு."

"அவன் பாத்துட்டான். நீ இன்னொரு தடவை பாரு."

"ஏன்யா உயிரை வாங்குற? எல்லாரும் பாக்குறாங்க. போ. லேட்டாகுது உனக்கு."

"மத்தவன் அவசரத்துல தட்டிட்டுப் போனாலும் போயிடுவான்," என்றான். "நீ இனிமே தட்ட மாட்ட."

விமானத்தின் இன்ஜின் சத்தம் ஏறிக்கொண்டிருந்தது. வாசலில் நின்றவர்கள் அவனைக் கூப்பிட்டார்கள். அவன் நகரவில்லை, இந்த அசமந்தம் என்றைக்கு நகர்ந்தது? எழுந்தேன்.  ஹெல்மெட் வார், தோள் கொக்கிகள், மார்புப் பட்டை, வயிற்றுப் பாராசூட், வளையங்கள், தொடைப் பட்டைகள். மண்டியிட்டு வலது கால்பை ஜிப்பைத் திறந்தேன். விரலை உள்ளே விட்டேன். கயிறு. இன்னும் உள்ளே விட்டு, மஞ்சள் நூலில் தைத்த முக்கோணம் விரலில் தட்டுப்படும்வரை தேடினேன்.

"சரி," என்றேன். அவன் போவதற்குள் இடது கால்பையையும் திறந்து பார்த்தேன். ஐந்து வெங்காயம் இருந்தது. ஒன்றும் சொல்லாமல் மூடினேன்.